கங்காணி கேட்காத கேள்வி

(ஈப்போவில், புதிதாகப் பட்டம் பெற்றவர்களும் அவர்களின் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகள் முன்னால் வந்துவிடுங்கள். இன்றைய பேச்சு உங்களுக்குத்தான். பெற்றோர்களும் எழுந்து போய்விட வேண்டாம். உங்களிடம் கேட்டுக்கொள்ளவும் எனக்கு ஒன்றிரண்டு உண்டு.

முதல் நேர்முகத் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று பேசச் சொன்னார்கள். எப்படிக் கைகுலுக்குவது, எப்படி உட்காருவது என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அதைத் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். பேரா மாநிலத்துத் தோட்டப்புறக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் படிப்பில் குறைந்து தோற்றதை அதிகம் பார்த்ததில்லை. தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத் தெரியாமல் தோற்றதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அது ஏன் என்று யோசித்து யோசித்து நான் வந்து சேர்ந்த இடத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நம் தாத்தா பாட்டிகள் எப்படி வேலையில் சேர்ந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு கங்காணி முறைதான் ஓங்கியது. தோட்டத்துக் கங்காணி கையில் பணத்தோடு சொந்த ஊருக்குப் போவார். உறவு, சாதி, பக்கத்துக் கிராமம் என்று ஆள் திரட்டுவார். நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பினாங்கில் இறக்கம். கொண்டுவந்த ஆள்கள் வேலைக்கு இறங்கும் கணக்குக்கு அவருக்குத் தலைக்காசு. 1938இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்யும்வரை இது நடந்தது. அந்த நெடிய காலத்தில் ஒருவரிடம்கூட, "உனக்கு என்ன தெரியும்? இதுவரை என்ன செய்திருக்கிறாய்?" என்று யாரும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்தார்கள், பெயரை எழுதிக்கொண்டார்கள்.

தோட்டத்துக்கு வந்த பிறகும் அப்படித்தான். இருட்டு விலகுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மர நிரைகளைப் பிரித்துக் கொடுப்பார். நானூறு, ஐந்நூறு மரங்களை வெயில் ஏறுமுன் வெட்டி முடித்து, பாலைச் சேர்த்துத் தூக்கி வந்து நிறுவைக்கு நிறுத்த வேண்டும். துரை மோட்டார் சைக்கிளில் வந்தால் தோளில் கிடக்கும் துண்டு தானாகவே இடுப்புக்கு இறங்கும். பேசாமல் இருந்தவன் நல்ல வேலைக்காரன், வாயைத் திறந்தவன் வம்புக்காரன். வாயைத் திறந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கட்டிய சங்கங்கள் சேர்ந்துதான் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. ஆனால் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது மற்றப் பாடத்தைத்தான். பெரியவர்கள் முன் குறுக்கே பேசாதே, உன்னை நீயே பீற்றிக்கொள்ளாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த அடக்கம்தான் அவர்களை உயிரோடு வைத்திருந்தது, நம்மைப் படிக்கவும் வைத்தது. ஆனால் அவர்களின் பேத்தி இப்போது குளிரூட்டிய ஓர் அறைக்குள் போகிறாள். எதிரே மூன்று பேர். முதல் கேள்வி, "செரித்தாகான் தெந்தாங் டிரி அண்டா." உன்னைப் பற்றிச் சொல். மூன்று தலைமுறையில் அந்த வீட்டில் யாரிடமும் கேட்கப்படாத கேள்வி அது. ஓர் ஆசிரியர் வீட்டுப் பிள்ளையோ வங்கி அதிகாரியின் பிள்ளையோ சோற்றுத்தட்டின் முன்னாலேயே அலுவலகப் பேச்சைக் கேட்டு வளர்ந்திருக்கும். யாரை எப்படி எடுத்தார்கள், யார் எதனால் நழுவவிட்டார்கள் என்று காதில் விழுந்திருக்கும். நம் பிள்ளைக்கு இது குடும்பத்திலேயே முதல் நேர்முகத் தேர்வு. ஆகவே அந்த அறையில் நாக்கு ஒட்டிக்கொண்டால், "நான் லாயக்கில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். பழக்கமில்லாத ஒரு வேலையைப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பழகலாம்.

எதிரே இருப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். 1921இல் அமெரிக்காவில் தாமஸ் எடிசன், தன்னிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை நீட்டினார். பெரும்பாலோர் தேறவில்லை. அந்த ஆண்டு அமெரிக்கா வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் அதில் ஒன்றைக் கேட்டார்கள்: ஒலியின் வேகம் என்ன? புத்தகத்தில் எளிதாகக் கிடைப்பதை மனத்தில் சுமந்து திரிவதில்லை என்று சொல்லிவிட்டார். எடிசனின் தாளில் ஐன்ஸ்டைனுக்கே இடமில்லை என்றால் கோளாறு தாளில்தான். ஆள் எடுக்க எது சரியான வழி என்று பிறகு பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1998இல் 85 ஆண்டுகால ஆய்வு முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல்தான் யார் நன்றாக வேலை செய்வார் என்பதைச் சரியாகக் காட்டுகிறது என்பது அதில் தெரிந்த ஒன்று. இன்று பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன. "நீ கடின உழைப்பாளியா?" என்று கேட்பதில்லை. "ஒரு சிக்கலான நிலைமையை நீ எப்படிச் சமாளித்தாய், சொல்" என்கிறார்கள். நடந்த ஒன்றைக் கேட்கிறார்கள். ஆகவே தயாரிப்பு என்பது நடந்தவற்றைச் சேகரிப்பது. உங்கள் வாழ்க்கையில் ஐந்தாறு சம்பவங்கள் கைவசம் இருந்தால் எந்தக் கேள்வியையும் எதிர்கொள்ளலாம்.

இங்கேதான் நம் பிள்ளைகள், "என்னிடம் ஒன்றும் இல்லை சார்" என்கிறார்கள். ஒரு தங்கையின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டுப் பல காலம் ஆகிறது. அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறவர். பெண் கணக்கியல் பட்டதாரி. ஒரு தணிக்கை நிறுவனத்தில் நேர்காணல் வந்திருக்கிறது, பயிற்சி கொடுங்கள் என்று என்னிடம் வந்தாள். உன்னைப் பற்றிச் சொல் என்றேன். பெயர், வயது, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது என்றாள். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. படிப்புக்கு வெளியே எங்காவது கணக்கு எழுதியிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கோயில் கணக்கு மட்டும் எழுதுவேன். அது வேலை இல்லையே சார்" என்றாள்.

என்ன கோயில், என்ன கணக்கு என்று தோண்டினேன். தோட்டத்து மாரியம்மன் திருவிழா. பதினாறு வயதிலிருந்து வரவு செலவு நோட்டு அவள் கையில். நன்கொடை ரசீது, கூடாரத்துக்காரருக்கு முன்பணம், சமையல் வாயு, அன்னதானத்துக்கு அரிசி. ஒரு வருடம் கணக்கு உதைத்தது. ரசீதுப்படி வர வேண்டிய பணத்தில் 340 வெள்ளி குறைகிறது. ஆளாளுக்கு ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இவள் ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டையை எல்லாம் வரிசையாக அடுக்கி, ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்திருக்கிறாள். ஒரு புத்தகத்தில் நடுவே சில தாள்களுக்கு உரிய பணம் வந்து சேரவே இல்லை. அந்தப் புத்தகத்தை வாங்கிப்போனவர் வெளியூர் போயிருந்தார், பணம் அவர் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து எந்தப் புத்தகத்தை யார் வாங்கினார், என்றைக்குத் திருப்பித் தந்தார் என்று கையெழுத்து வாங்கும் வழக்கத்தை இவள் கொண்டுவந்தாள்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தணிக்கை நிறுவனம் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலையே அதுதான். பணம் எங்கே போயிற்று என்று ஆவணத்தைக் கொண்டு கண்டுபிடிப்பது, யார் மீதும் பழி போடாமல் கண்டுபிடிப்பது, மறுபடி நடக்காமல் ஒழுங்கு செய்வது. மூன்றையும் பள்ளிச் சீருடையோடு செய்திருக்கிறாள். அவளுடைய விண்ணப்பத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அன்று மாலை அவள் பதிலை இப்படி மாற்றினோம்: "நான் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் வளர்ந்தேன். கணக்கியல் படித்திருக்கிறேன். பதினாறு வயது முதல் எங்கள் கோயில் திருவிழாக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். ஒரு வருடம் வரவில் 340 வெள்ளி குறைந்தது. ரசீது எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து விடுபட்ட இடத்தைக் கண்டுபிடித்தேன். அதன் பிறகு ரசீதுப் புத்தகம் வாங்குகிறவர் கையெழுத்துப் போடும் முறையைக் கொண்டுவந்தேன். தணிக்கை வேலையில் எனக்கு ஆர்வம் வந்தது அப்போதுதான்." ஒரு நிமிடம்கூட ஆகாது. பீற்றல் எங்கே இருக்கிறது இதில்? நடந்ததைத்தான் சொல்கிறாள்.

உங்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. அப்பாவின் லோரி உரிமத்தைப் புதுப்பிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறியிருப்பீர்கள். பாட்டிக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்திருப்பீர்கள். பட்டம் வாங்கி வேலை கிடைக்கும்வரை உணவு விநியோகத்துக்கு மோட்டார் ஓட்டியிருப்பீர்கள். அதை மறைக்காதீர்கள். மழையிலும் நேரம் தவறாமல் ஓட்டியவனைப் பற்றி எந்த முதலாளியும் கேவலமாக நினைப்பதில்லை. இடைப்பட்ட மாதங்களை வெற்றிடமாக விட்டால்தான் சந்தேகம் வரும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பொறியியல் படித்தவர்கள் கவனியுங்கள். ஈப்போவில் கார்செம், யூனிசெம் போன்ற மின்சில்லுத் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் புதிய பட்டதாரியிடம் அனுபவம் கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்கே தெரியும். ஆகவே இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் "நாங்கள் செய்தோம்" என்று தொடங்குவார்கள். கூட்டாளிகளை விட்டுக்கொடுக்காத நல்ல மனம். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வேலைக்கு எடுக்கப்போவது உங்கள் ஒருவரை. உங்கள் கை எதில் பட்டது, எந்த அளவை நீங்கள் எடுத்தீர்கள், எது தவறாகப் போனது, ஏன், அடுத்து என்ன செய்தீர்கள் என்பதைத் தனியாகப் பிரித்துச் சொல்லப் பழகுங்கள். தவறாகப் போன பரிசோதனையைச் சொல்லத் தயங்காதீர்கள். அதிலிருந்துதான் நல்ல கேள்விகள் பிறக்கும்.

மொழிக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் வழி இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம். மூன்று மொழியும் உங்களிடம் இருக்கிறது. ஆனால் தமிழ் வீட்டுக்கு, மலாய் தேர்வுத் தாளுக்கு, ஆங்கிலம் பாடப்புத்தகத்துக்கு என்று தனித்தனியாகப் பிரிந்து கிடக்கிறது. உங்கள் சம்பவம் ஒன்றை எடுத்து மூன்று மொழியிலும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். இடையில் ஒரு துணைக்கேள்வி வந்தாலே மனப்பாடம் உடைந்துபோகும், அதன் பிறகு மீள்வது கடினம். இலக்கணப் பிழையால் வேலை போனவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. பிழை வந்துவிடுமே என்று மௌனமானவர்களுக்குத்தான் போயிற்று. கேள்வி புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள். "போலே உலாங் சோவாலான் இத்து, துவான்?", அந்தக் கேள்வியை இன்னொரு முறை சொல்ல முடியுமா ஐயா, என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

அரசாங்க வேலைக்குப் போகிறவர்களுக்கு மலாய் கட்டாயம். பொதுச் சேவை ஆணையத்துக்கும் கல்விச் சேவை ஆணையத்துக்கும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழிக்குக் கிரெடிட் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கேட்கிற கேள்விகளின் போக்கு வேறு. நீங்கள் சேரப்போகும் அமைச்சு என்ன செய்கிறது, ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள் எவை, இந்த வாரம் நாட்டில் எதைப் பற்றி விவாதிக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஒரு மாதம் தவறாமல் மலாய் நாளிதழ் படியுங்கள். துன் ரசாக் நூலகம் ஈப்போவிலேயே இருக்கிறது.

எந்த நேர்காணலிலும் இறுக்கத்தைத் தளர்த்த ஊரைக் கேட்பார்கள். எந்த ஊர் தம்பி? இங்கே நம் பிள்ளைகள் குரலைத் தாழ்த்தி, "ஒரு சின்ன எஸ்டேட் சார்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு மனம் வலிக்கும் இடம் இது. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. உலகச் சக்கரங்கள் ஓடிய ரப்பரின் கதை நம் மாநிலத்திலும் வேர்விட்டது. அந்தப் பாலை வெட்டியது யார்? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களையே வாங்கினார். இப்படிப்பட்ட ஊரிலிருந்து வருகிறவர் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். கேட்கிறவருக்கும் பேச ஒன்று கிடைக்கும்.

கசப்பான ஒன்றையும் பேசித்தான் ஆக வேண்டும். மண்டரின் தெரிந்தவர் மட்டும் என்ற விளம்பரங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பெயரைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்குகிறார்கள் என்று சந்தேகப்படுகிறீர்கள். சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. லீ ஹ்வோக் அவுன், முகமட் அப்துல் காலிட் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள், தகுதி ஒன்றாகவும் இனம் வேறாகவும் இருக்கும்படி கற்பனை விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மலாய், சீனப் பெயர்களைக் கொண்டு செய்த ஆய்வு அது. நேர்காணலுக்கு அழைப்பதில் பெரிய வேறுபாடு இருந்தது. நம் சட்டம் இதை இன்னும் முழுமையாகத் தொடவில்லை. திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்தபோது, பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் துறை விசாரிக்க வழி செய்தது. ஆனால் அது வேலையில் இருப்பவருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்குத்தான். வேலை தேடுகிறவருக்கு அந்தக் கதவு இல்லை. இது மாற வேண்டும், மாறும்வரை நாம் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது: மொழி உண்மையில் தேவைப்படாத வேலை என்று தோன்றினால் விண்ணப்பம் போடுங்கள். அழைத்தால், எந்தப் பணிக்கு மண்டரின் தேவைப்படுகிறது என்று பணிவாகக் கேளுங்கள். சில நிறுவனங்கள் பழக்கத்தில் போட்டுவிட்ட வரி அது, கேட்டால் தளர்வார்கள். தளராதவர்களும் இருப்பார்கள். பதில் வராத விண்ணப்பங்களை வைத்து உங்கள் தகுதியை அளக்காதீர்கள்.

இப்போது பெற்றோர்களுக்கு. "கேபிள் இருந்தால்தான் வேலை", அதாவது சிபாரிசு இருந்தால்தான் வேலை, என்ற பேச்சை வீட்டில் நிறுத்துங்கள். பிள்ளை புறப்படும் வாசலில் நின்று, "யாரையாவது பார்த்துச் சொல்லி வைக்கட்டுமா" என்று கேட்டால், தன்னால் முடியாது என்று அதற்குக் கேட்கிறது. கங்காணியின் தயவில் வேலை கிடைத்த காலத்துப் பயம் அது, நமக்குள் இன்னும் இருக்கிறது. அதற்குப் பதில் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி கொடுங்கள். இன்றைக்கு என்ன செய்தாய், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டு, குறுக்கிடாமல் முழுவதும் கேளுங்கள். பெரியவர் முன்னால் தடையில்லாமல் பேசிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. கூடவே போகிறீர்களா, போங்கள். வாசலோடு நின்றுகொள்ளுங்கள்.

உடை, பயணம் பற்றிச் சுருக்கமாக. சுத்தமான நீளக் கைச் சட்டை போதும். பெண்கள் பஞ்சாபி உடுப்போ பாஜு கூரோங்கோ, எது இயல்பாக இருக்கிறதோ அது. நேர்காணலுக்காக நெற்றிப் பொட்டை அழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோலாலம்பூரில் காலையில் நேர்காணல் என்றால் முதல் நாளே போய்விடுங்கள். இ.டி.எஸ். ரயில் வசதியானதுதான், ஆனால் டிக்கெட் தீர்ந்துவிட்டால் எந்தக் காரணமும் எடுபடாது. இணையவழி நேர்காணலுக்குத் தோட்டத்து அலைவரிசையை நம்பாதீர்கள். டவுனில் உள்ள உறவினர் வீட்டு அறை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளக் கேள்விக்கு, "நீங்கள் கொடுப்பது போதும் சார்" என்று சொல்லாதீர்கள். அதே வேலைக்குப் பிற நிறுவனங்கள் என்ன தருகின்றன என்று முன்கூட்டி விசாரித்து, இவ்வளவிலிருந்து இவ்வளவு என்று சொல்லுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. பட்டதாரி அந்தக் கோட்டில் நிற்க வேண்டியதில்லை. 2,500 வெள்ளி என்று சொன்னால் அதில் 11 விழுக்காடு, 275 வெள்ளி, ஊழியர் சேமநிதியான இ.பி.எப்.புக்குப் போகும். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 325 வெள்ளி போட வேண்டும். அதைப் போடுகிறார்களா, சொக்சோ காப்புறுதி உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. வேலைக் கடிதம் வந்ததும் சந்தோஷத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு நாள் கேளுங்கள். சோதனைக் காலம் எத்தனை மாதம், விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, பயிற்சிச் செலவு என்று சொல்லி இத்தனை வருடம் கட்டிப்போடும் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். புரியாத வரியை அடிக்கோடிட்டு அவர்களிடமே விளக்கம் கேளுங்கள்.

இந்த வாரமோ அடுத்த வாரமோ நேர்காணல் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள். நல்லது. நீங்கள் முதலில் மேடைக்கு வாருங்கள். மேசை போட்டிருக்கிறோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் தொழிற்சாலை மேலாளர் ஒருவரும் என்னோடு உட்காருவார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம், முதல் கேள்வி மலாயில்.